வற்றாப்பளைக்குப் போவோர் கவனத்திற்கு

வைகாசி கிட்டுகிறது என்றால் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இரண்டு பேச்சு அடிபடும். ஒன்று, பள்ளிக்கூட விடுமுறைக்கு முந்திப் போனால் விமான ரிக்கற் மலிவா என்பது. மற்றது, இந்த முறை வற்றாப்பளைப் பொங்கல் எந்தத் திங்கட்கிழமை என்பது. நான் முள்ளியவளைப் பக்கத்தவன் என்று தெரிந்ததால் இரண்டாவது கேள்வி என்னிடம் வந்து சேரும். சபனல் வீதியில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். ஆகவே இந்த மாதம் நாட்டு நடப்பைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணகை அம்மனைப் பற்றியும் அங்கே போவதைப் பற்றியும் எழுதலாம் என்று எண்ணினேன். போகக்கூடாதவர்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதைக் கொஞ்சம் பின்னால் வைத்திருக்கிறேன். அதை வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு நல்லூரும் சந்நிதியும் எப்படியோ, வன்னிச் சனத்துக்கு வற்றாப்பளை அப்படி. முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறது கோயில். மதுரையை எரித்த பின் கோபம் தீராத கண்ணகி ஈழத்துக்கு வந்து, இடம் இடமாகத் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் இது என்றும், 'பத்தாம்பளை' என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்றும் சொல்லுவார்கள். எங்கள் ஆச்சிமார் சொன்ன கதை இது: நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பெடியளிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாளாம். அவர்கள் இலை குழையால் ஒரு குடில் கட்டி அவளை இருத்தி, புக்கை பொங்கிக் கொடுத்தார்களாம். பொழுதுபட்டு விட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை அள்ளி ஊத்திக் கொளுத்துங்கோ" என்றாளாம். விளக்கு எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கோ என்று சொல்லியிருக்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். பெடியள் பயந்து நிற்க, வைகாசித் திங்களில் வருவேன் என்று சொல்லி மறைந்துவிட்டாளாம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவள் ஒரு அரசனிடமோ ஐயரிடமோ போகாமல் மாட்டுக்காரப் பெடியளிடம் போனதுதான். வந்தவளுக்குச் சோறும் விளக்கும் கொடுத்தார்கள். யார் என்று விசாரிக்கவில்லை. அகதியாக வந்து வரிசையில் நின்றவர்களுக்கு இது விளங்கும்.

என் மருமகன், அக்காவின் மகன், ஏழாம் வகுப்பு. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அடுப்படியில் ஒரு சிட்டியில் உப்புத் தண்ணீர் கரைத்துத் திரி போட்டுப் பார்த்திருக்கிறான். எரியவில்லை. "மாமா, உங்கட கதை பொய்" என்று ரெலிபோனில் சொன்னான். அவன் பார்த்தது சரிதான், அவனோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் வருடாவருடம் ஆயிரக்கணக்கான சனம் அந்த உப்புநீர் விளக்கைக் கும்பிட்டுவிட்டு வருகிறது. அவர்களுக்கும் தண்ணீர் எரியாது என்று தெரியும். தெரிந்துதான் அதை அற்புதம் என்கிறார்கள். இதை அவனுக்கு ரெலிபோனில் விளங்கப்படுத்த முடியவில்லை. பிறகு நேரில் பார்ப்போம்.

பொங்கல் ஒரு நாள் காரியம் அல்ல. இங்கேயிருந்து போகிறவர்கள் அன்றைக்குக் காலை வானில் வந்து இறங்கி, இரவு ஏறிப் போய்விடுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் பாக்குத்தெண்டல். தெண்டல் என்றால் சேர்த்தல். அதோடுதான் பொங்கல் தொடங்கியது என்று கணக்கு. பிறகு தீர்த்தமெடுப்பு. முல்லைத்தீவுக்குக் கிட்ட சிலாவத்தையில் தீர்த்தக்கரை என்ற இடம் இருக்கிறது. அங்கே கடலில் இறங்கித் தண்ணீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். அந்தக் கடல் தண்ணீரில்தான் விளக்கு ஏற்றப்படும். ஒரு கிழமை அது அங்கே எரியும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாருக்குப் பொங்கல். அது முடிந்து, திங்கட்கிழமை மடைப்பண்டங்களை எடுத்துக்கொண்டு பறை முழங்க வற்றாப்பளைக்கு நடப்பார்கள். அதன் பின்தான் அம்மாளின் பொங்கல். வளந்து என்று சொல்லப்படும் பெரிய பானையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் அதை நேர்வார்கள். பறை அடிக்கிற அடியில் அந்த இடத்தில் நிற்கிற எவருக்கும் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். எனக்குச் சாமி வந்ததில்லை; பக்கத்தில் நின்ற மாமிக்கு வந்து, அவர் தலைமயிர் என் முகத்தில் அடித்தது ஞாபகம்.

கோயிலுக்குள் நடப்பது ஒரு பக்கம். வெளியே வெளியெல்லாம் சனம் தன் தன் அடுப்பை மூட்டி இருக்கும். மூன்று கல்லு, ஒரு பானை, பனை ஓலையும் காய்ந்த தடியும். மழைக்குணம் இருந்தால் ஒருவர் உரப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். புகையில் கண் எரியும். காவடி ஒரு பக்கம், பாற்செம்பு ஒரு பக்கம், அங்கப்பிரதட்டை செய்கிறவர்கள் மண்ணில் உருண்டு போவார்கள்; அவர்களுக்குப் பின்னால் ஒரு சொந்தக்காரர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடுவார். இரவிரவாகக் கச்சான் கடை, தும்புமிட்டாய், காப்புக்கடை. முந்திய காலத்தில் கோவலன் கூத்து ஆடுவார்கள். முல்லைத்தீவுக் கோவலன் கூத்துக்கு ஒரு தனிப்பெயர் உண்டு. சிலம்பு கூறல் என்ற காவியம் படிப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். இதே கதையை மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை என்று படித்துக் குளிர்த்தி செய்வார்கள். அங்கே பல கண்ணகி கோயில்களின் கதவு வைகாசியில் மட்டும்தான் திறக்கும்.

யாழ்ப்பாணத்தில் மட்டும் இது ஏன் குறைந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அங்கேயும் ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் இருந்தவதான். ஆறுமுக நாவலர் (1822–1879) காலத்தில் ஆகமத்தில் இல்லாத வழிபாடு, சமணக் கதையில் வந்த பெண், அவளைச் சைவர் கும்பிடுவதா என்று எதிர்ப்பு வந்தது. அதன் பின் பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. நாவலர் பெரியவர், அவர் அச்சிட்ட பாடப்புத்தகங்களின் வழி வந்த தமிழில்தான் நானும் நாலு வரி எழுதுகிறேன். ஆனாலும் இந்த விடயத்தில் நான் மாட்டுக்காரப் பெடியளின் கட்சி. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனில் பங்குனித் திங்களுக்குப் பொங்குகிற சனத்தைப் பார்த்தால் யாழ்ப்பாணமும் முழுதாக மறக்கவில்லை என்று தெரியும்.

இன்னொன்று. எங்கள் அம்மாளைச் சிங்களவர் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். கண்டியில் பத்தினி தேவாலயம் இருக்கிறது, கொழும்புக்குக் கிட்ட நவகமுவவில் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கே இருந்ததாகச் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. அவர்கள் அங்கெலிய என்று கொம்பு இழுப்பார்கள். மட்டக்களப்பார் கொம்புமுறி என்பார்கள். ஒரே தாயைக் கும்பிட்டும் நடந்தது நடந்தது. அதற்கு மேல் இதில் எழுத எனக்கு விருப்பமில்லை.

கதையா வரலாறா என்று அடிபடுவது எங்களுக்கு மட்டும் உரியதல்ல. நாங்கள் குடியிருக்கும் இந்த அஹுன்ட்சிக் என்ற பெயரையே பாருங்கள். 1625ஆம் ஆண்டு நிக்கொலா வியேல் என்ற ரெக்கொலே சபைப் பாதிரியாரும் அஹுன்ட்சிக் என்ற இளைஞனும் இங்கே ப்ரெரி ஆற்றின் நீர்ச்சுழியில் மாண்டார்கள். அஹுன்ட்சிக் கிறிஸ்தவத்தில் சேர்ந்த ஹூரோன் பழங்குடிப் பிள்ளை, இருவரையும் தள்ளிக் கொன்றார்கள் என்று வெகுகாலம் தியாகிகளாகப் போற்றினார்கள். அவன் பழங்குடியே அல்ல, அந்தப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடப்பட்ட பிரெஞ்சுப் பெடியன், படகு கவிழ்ந்ததும் விபத்தாக இருக்கலாம் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். எழுதியும் பெயர் மாறவில்லை. ஆற்றங்கரையில் மாதா தேவாலயம், விசித்தாசியோன் என்பார்கள், 1750ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டியது. மொன்றியல் தீவில் இன்றும் நிற்கும் தேவாலயங்களில் மிகப் பழையது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு அந்த வெளிக்கு நடக்கப் போகிறவர்கள் ஒருமுறை உள்ளேயும் போய்ப் பாருங்கள். மரவேலை பார்க்கத் தகுந்தது.

சரி, வற்றாப்பளைக்கு வருவோம். நந்திக்கடல் என்றவுடன் எங்களில் பலருக்குக் கோயில் ஞாபகம் வருவதில்லை. 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருடப் பொங்கல் காலத்தில் எங்கள் சனம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள்ளே இருந்தது. அந்த முகாம் 2012 புரட்டாதியில்தான் மூடப்பட்டது. மே 18 நினைவு நாளும் வைகாசிப் பொங்கலும் இப்போது கிட்டக்கிட்ட வருகின்றன. முள்ளிவாய்க்காலில் கஞ்சி குடித்தவர்கள் சில கிழமைக்குள் வற்றாப்பளையில் புக்கை பொங்குகிறார்கள். கணவனுக்கு நீதி கேட்டு அரசன் வாசலில் போய் நின்ற பெண்ணின் கோயில் அது. பிள்ளை எங்கே என்று கேட்டு முல்லைத்தீவில் 2017 பங்குனியிலிருந்து தெருவோரம் இருந்த தாய்மாருக்கு அவள் வெறும் அம்மை நோய்க்குத் தெய்வம் அல்ல.

இப்படிப்பட்ட இடத்துக்குச் சுற்றுலா என்று போவது சரியா? சண்டை முடிந்த பின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து புதுக்குடியிருப்பில் நிலக்கீழ் வீட்டைப் பார்த்துப் படம் எடுத்துப் போனது. 2013இல் இராணுவம் அதைத் தகர்த்துவிட்டது. அப்போது எங்களுக்குக் குமுறியது. இப்போது நாங்கள் கனடாவிலிருந்து போய் என்ன செய்கிறோம்? ஒரு குடும்பம் பொங்குகிற இடத்தில் மேலே ட்ரோன் விட்டிருக்கிறது. அந்தக் காற்றில் பக்கத்து அடுப்புச் சாம்பல் முழுக்கக் கிளம்பியதாக அங்கிருந்து எனக்கு ஒருவர் சொன்னார். சாமி வந்து ஆடுகிற பெண்ணின் முகத்துக்குக் கிட்ட ரெலிபோனைப் பிடிக்கிறார்களாம். அந்தப் பெண் யாரைப் பறிகொடுத்தவள் என்று பிடிப்பவருக்குத் தெரியுமா? தன் அடுப்பை மூட்டக்கூடக் கூலிக்கு ஆள் பிடித்துவிட்டு வானுக்குள் ஏசியில் இருந்தவர்களும் உண்டு.

அதற்காகப் போகாதே என்று சொல்ல வரவில்லை. போங்கள். ஒரு கிழமையாவது மச்சம் விட்டுப் போங்கள். கூட்டத்தில் வெயில் கடுமை. பிள்ளைகளுக்குத் தண்ணீர், தொப்பி, கையில் உங்கள் ரெலிபோன் நம்பர் எழுதி விடுங்கள். தங்கச் சங்கிலி இங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையே போய் முள்ளியவளையில் காட்டா விநாயகரைக் கும்பிட்டு, மடைப்பண்டத்துக்குப் பின்னால் நடந்து போனால் நீங்கள் பார்ப்பது வேறு. மாங்குளத்தால் வருகிற ஏ-34 பாதையும் பரந்தனால் வருகிற ஏ-35 பாதையும் இரண்டும் நல்ல தார் வீதி. வழியெல்லாம் இராணுவ முகாம்கள் இருக்கும், அவற்றைப் படம் எடுக்க வேண்டாம்.

இனி, பின்னால் வைத்த விடயம்.

எங்கள் மேல்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். ஊர் புதுக்குடியிருப்பு. 2009 சித்திரையில் அவருடைய ஒரே மகனுக்குப் பன்னிரண்டு வயது, செல் சிதறு வயிற்றில் பட்டிருக்கிறது. பங்கருக்குள் கிடந்து, பிள்ளை தப்பினால் வற்றாப்பளையில் என் கையால் பொங்குவேன் என்று நேர்ந்து ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று முடிந்து வைத்தார். மஞ்சள் துணியில் முடிய வேண்டும். அங்கே மஞ்சளுக்கு எங்கே போவது? சேலைத் தலைப்பில் கிழித்த துணிதான். பிள்ளை தப்பிவிட்டான். அந்த முடிச்சு மெனிக் பாம் போய், அங்கிருந்து வெளிக்கிட்டு, நாடுகள் கடந்து, இப்போது இந்த வீட்டுச் சாமித்தட்டில் வேல்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்கா இங்கே அகதியாக ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிட அட்டை எடுத்தவர். குடியுரிமை எடுக்கவில்லை. சோதனைக்குப் பயம்.

இந்த வருடம் முழங்கால் நோ கூடிவிட்டது. "தம்பி, காட் இருக்குத்தானே, ஒரு கிழமை போய்ப் பொங்கிப்போட்டு வந்தால் என்ன? கோயிலுக்குப் போறதை ஆர் குற்றம் சொல்லுவினம்?" என்று கேட்டார்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், சட்டத்தரணி அல்ல. ஆனால் இது நானும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சட்டம், நானும் குடியுரிமைக்கு நாள் எண்ணுகிறவன் என்பதால். அகதி அந்தஸ்து என்றால் என்ன? என் நாடு என்னைப் பாதுகாக்காது, ஆகவே நீ பாதுகாத்துக்கொள் என்று கனடாவிடம் கேட்டு வாங்கியது. அப்படிக் கேட்டவர் பிறகு அதே நாட்டின் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு அதே நாட்டுக்குப் போய் வந்தால், இவர் தன் நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப ஏற்றுக்கொண்டார் என்று அரசாங்கம் அகதிச் சபையில் மனுப் போடலாம். முந்தி அப்படி அந்தஸ்துப் போனாலும் நிரந்தர வதிவிடம் தப்பியது. 2012 மார்கழி 15 முதல் சட்டம் மாறி, இந்தக் காரணத்துக்காக அந்தஸ்துப் போனால் வதிவிடமும் சேர்ந்து போகும். கையில் காட் எத்தனை வருடமாக இருந்தாலும் சரி. கோயிலா கலியாணமா செத்தவீடா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. கனடா தருகிற அகதிப் பயணப் பத்திரத்திலும் சொந்த நாட்டுக்குச் செல்லாது என்றுதான் இருக்கிறது.

2022ஆம் ஆண்டு ஒரு கொலம்பியப் பெண்ணின் வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது, ஆள் ஏன் போனார், போனால் என்ன நடக்கும் என்று அவருக்கு உண்மையில் தெரிந்திருந்ததா, அங்கே எப்படிக் கவனமாக இருந்தார் என்பவற்றை எல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இது நல்லது. ஆனால் அது விசாரணைக்குப் போன பின் பேசுகிற பேச்சு. அந்த விசாரணைக்குள் போய் விழாமல் இருப்பதே மேல். இதை வாசித்த பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொல்லவும் உங்களுக்கு வழியில்லை, மன்னிக்க வேண்டும்.

குடியுரிமை எடுத்தவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கணவன், மனைவி, பிள்ளை ஸ்பொன்சர் செய்து குடும்ப வகுப்பில் வந்தவர்களுக்கும் இது இல்லை. பொருந்துவது அகதியாக ஏற்கப்பட்டு, இன்னும் குடியுரிமை எடுக்காமல் இருப்பவர்களுக்கு. எங்கள் தெருவிலேயே அப்படிப் பலர் இருக்கிறார்கள். 'போன வருடம் இன்னார் போய் வந்தார், ஒன்றும் நடக்கவில்லையே' என்கிறார்கள். அவர் குடியுரிமைக்கு மனுப் போடும் நாளில் அல்லது காட் புதுப்பிக்கும் நாளில் கடவுச்சீட்டில் உள்ள முத்திரையைப் பார்த்துக் கேட்பார்கள். ஆகவே போக முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குக் கியூபெக்கில் இலவச சட்ட உதவி இருக்கிறது. ரிக்கற் விற்பவரிடம் கேட்க வேண்டாம். அவர் ரிக்கற் விற்பவர்.

குடியுரிமைக் கணக்கும் பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. மனுப் போடும் நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடம் கிடைக்க முந்தி இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணக்கில் வரும், ஆகக் கூடியது 365 நாள் வரை. மொழித் தகுதியும் அறிவுச் சோதனையும் 18 வயதிலிருந்து 54 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். இதை நான் சொன்னபோது மேல்வீட்டு அக்கா கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டார். அவருக்கு வருகிற ஐப்பசியில் ஐம்பத்தைந்து. சோதனை இல்லை. இத்தனை காலம் அந்தப் பயத்தில் மனுப் படிவத்தையே அவர் எடுத்துப் பார்க்கவில்லை, பக்கத்தில் ஒருவரும் சொல்லவும் இல்லை.

ஆனால் ஐப்பசியில் மனுப் போட்டாலும் கடவுச்சீட்டு கைக்கு வர எத்தனை வைகாசி போகுமோ? "அம்மாள் பொறுப்பாவோ தம்பி?" என்று கேட்டார். மகன் போகலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். மகன் பிரம்டனில் வேலை, குடியுரிமை எடுத்துவிட்டான். அவன் போக மாட்டான். தாய்க்காக எதையும் செய்வான், பனிக்காலத்தில் ஆறு மணித்தியாலம் கார் ஓடி வந்து நிற்பான், ஆனால் அந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்கிறான். "நான் தப்பினது அம்மாளால எண்டால், மற்றப் பிள்ளையள்?" என்று ஒருமுறை தாயிடம் கேட்டிருக்கிறான். அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. நேர்ந்தது நான், அவன் இல்லை, கடன் என்னுடையதுதான் என்று மட்டும் அக்கா சொல்கிறார்.

இங்கே செய்யாமல் இல்லை. வைகாசித் திங்களில் வீட்டில் பொங்குவார். புகை அறிவிப்பான் கத்தக்கத்த ஒரு ஆள் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கும். ஜோன்-தலோன் வீதித் துர்க்கை அம்மனுக்குப் போவார், முருகன் கோயிலுக்குப் போவார். சென் யோசேப் ஓரட்டரிக்கும் போய், முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு என்று விட்டிருக்கிற 99 மரப்படியில் ஏறியிருக்கிறார், முழங்கால் நல்லாய் இருந்த காலத்தில். அங்கே சகோதரர் அந்திரேயின் கல்லறையில் கை வைத்துக் கும்பிடுகிற சேலைக்காரிகளைப் பார்த்து இந்த ஊர்க்காரருக்கு இப்போது புதினமும் இல்லை. 'எல்லாம் ஒண்டுதான் தம்பி, ஆனால் முடிஞ்சது அங்கை' என்பார்.

நேர்த்தியை இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாமா? ஊரில் பெரியவர் ஒருவரிடம் ரெலிபோனில் கேட்டேன். ஏலாதவருக்காக இரத்த உறவு செய்யலாம் என்றார். இரத்த உறவு இல்லாவிட்டால்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "சண்டைக்குள்ளை ஆர் ஆருக்கு இரத்தம் குடுத்தது எண்டு கணக்கிருக்கோ? குடுத்து விடச் சொல்லு" என்றார். இது ஆகமமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது போதும்.

கீழ்வீட்டுக் குடும்பம் இந்த வைகாசியில் இலங்கை போகிறது. பெற்றோர் யாழ்ப்பாணம், குடியுரிமை எடுத்து இருபது வருடம். மகள் இங்கே கார்ட்டியர்வில் சக்ரே-கேர் ஆசுப்பத்திரியில் பிறந்தவள், அஹுன்ட்சிக் செஜெப்பில் படிக்கிறாள். அவளுடைய திட்டத்தில் சிகிரியா, எல்ல ரெயில் பாலம், மிரிச கடற்கரை எல்லாம் இருக்கிறது. விசா படிவத்தில் பயணத்தின் நோக்கம் 'சுற்றுலா' என்றுதான் நிரப்பியிருக்கிறாள்; வேறு எதை நிரப்ப? அக்காவின் முடிச்சைத் தானே கொண்டு போகிறேன் என்று கேட்டு வாங்கியதும் அவள்தான். தகப்பன் முதலில் மறுத்தார், வான் ஒழுங்கு குழம்பும் என்று. இப்போது மிரிசவில் ஒரு நாளைக் குறைத்து, ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் முள்ளியவளையில் நிற்பதென்று முடிவு.

போன சனிக்கிழமை மேல்வீட்டு அடுப்படியில் அவளுக்குப் பாடம் நடந்தது. மூன்று கல்லை எப்படி வைப்பது, பால் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தால் நல்லது, பயறு எந்த அளவுக்கு வறுக்க வேண்டும் என்று அக்கா சொல்லச் சொல்ல, அவள் ரெலிபோனில் பிரெஞ்சில் எழுதிக்கொண்டாள். அம்மாளிடம் என்ன சொல்ல வேண்டும், எனக்குத் தமிழில் மந்திரம் தெரியாதே என்று கேட்டாள். "ஒண்டும் சொல்ல வேண்டாம் பிள்ளை. பொங்கி இறக்கினாப் போலை முடிச்சை அவிழ்க்காமல் உண்டியலுக்கை போடு. பேர் கேட்டால் என்ரை பெடியன்ரை பேரைச் சொல்லு" என்றார் அக்கா.

ஒரு கொத்துப் பச்சையரிசி, கால் கொத்துப் பயறு, இரண்டு தேங்காய், அரைக் கிலோ சர்க்கரை. பானை முள்ளியவளைச் சந்தையில் புதிதாக வாங்க வேண்டும். விலை பேச வேண்டாம் என்று நானும் சொல்லி விட்டிருக்கிறேன்.